பால் காய்ச்சியாயிற்று, வேலை பாக்கி: சின்னக் குழந்தைகளோடு குடியேறுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையில் சொந்த வீடோ ஃபிளாட்டோ வாங்குகிறவர்களில், எல்லா வேலையும் முடிந்த பிறகு குடிபோகிறவர்கள் குறைவு. ஒரு பக்கம் வீட்டுக் கடன் தவணை, இன்னொரு பக்கம் வாடகை. இரண்டையும் சேர்த்து எத்தனை மாதம்தான் கட்டுவது? தையிலோ வைகாசியிலோ ஒரு நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிட்டு, மிச்சத்தை இருந்துகொண்டே பார்த்துக்கொள்ளலாம் என்று மூட்டை முடிச்சோடு வந்துவிடுகிறோம். மாடிப்படிக்குக் கைப்பிடி வந்திருக்காது. ஸ்விட்ச் போர்டு இரண்டு மூடாமல் கிடக்கும். பின்பக்கம் அரை யூனிட் மணலும் நாலைந்து மூட்டை சிமெண்டும் இருக்கும். "ஒரு வாரத்துல முடிச்சிடலாம் சார்" என்று மேஸ்திரி சொன்ன வாரம் எப்போதோ போயிருக்கும்.

பெரியவர்கள் மட்டும் இருக்கிற வீட்டில் இது அலுப்பு, அவ்வளவுதான். தவழ்கிற, தத்தி நடக்கிற, கையில் கிடைத்ததை வாயில் வைக்கிற குழந்தை இருக்கும் வீட்டில் அப்படி விட முடியாது. முதன்முறையாக இந்த நிலைமைக்கு வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாக்கி வேலைகளை அழகைப் பார்த்தோ மேஸ்திரியின் தோதைப் பார்த்தோ வரிசைப்படுத்தாதீர்கள். குழந்தையின் கை எதை எட்டுகிறது, மழை எப்போது வருகிறது, இந்த இரண்டையும் வைத்து வரிசையைப் போடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

முட்டி போட்டு ஒரு சுற்று

குழந்தை தூங்குகிற நேரமாகப் பார்த்து, ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, வாசலிலிருந்து கொல்லை வரை முட்டி போட்டுத் தவழ்ந்து போங்கள். கூச்சப்படவே வேண்டாம். நிற்கும்போது கண்ணில் படாதவை அப்போதுதான் தெரியும்: தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மூடியில்லாத பிளக் பாயிண்ட், கதவு நிலையில் பாதி அடித்த ஆணி, பாத்ரூம் தரையில் ஜல்லடை போடாத நானி டிராப் (தண்ணீர் வடியும் குழி), சில்லு பெயர்ந்த டைல் முனை, சுவரில் பூசுவதற்காக வாங்கி, கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்த பட்டி மூட்டை. பட்டி பார்ப்பதற்கு மாவு மாதிரிதான் இருக்கும். வெள்ளை சிமெண்ட் கலந்தது என்பதால் ஈரக்கையில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம்.

நாலைந்து வயதுப் பிள்ளையும் இருந்தால் இரண்டாவது சுற்று ஒன்று வேண்டும். இந்த முறை ஏறக்கூடிய பொருள்களைத் தேடுங்கள். ஜன்னலுக்குக் கீழே அடுக்கிய சிமெண்ட் மூட்டை, பால்கனி ஓரம் வைத்த 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட், சுவரில் சாய்த்த பிளைவுட். அந்தப் பொருளால் தனியாக ஆபத்து இராது. அது இருக்கிற இடத்தால்தான் ஆபத்து. பாதிக்கு மேல் அன்றைக்கே நகர்த்தி வைத்துவிடலாம், ஒரு பைசா செலவில்லை.

எழுதிய ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சொல் போடுங்கள்: உயிர், மழை, தினப்பாடு, அழகு. "உயிர்" என்று போட்டது எதுவும் அடுத்த மாதத்துக்குப் போகக்கூடாது. கையில் இருக்கிற பணம் முதலில் அதற்கு. ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் அடிக்க ஆள் வந்து நிற்கிறான், மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை என்றால், ஃபால்ஸ் சீலிங் ஆளைத் திருப்பி அனுப்புங்கள்.

தண்ணீர்

சென்னை வீடுகளில் தண்ணீரைப் பிடித்து வைக்காமல் இருக்க முடியாது. மெட்ரோ வாட்டர் வரும் நேரம், லாரி வரும் நாள் என்று சம்ப் (தரைக்கடித் தொட்டி), டிரம், குடம், பக்கெட் எல்லாம் நிரம்பித்தான் இருக்கும். வேலை நடக்கும் வீட்டில் கொத்தனாருக்கு என்று இன்னும் இரண்டு டிரம் கூடும். தத்தி நடக்கிற குழந்தைக்குத் தலைதான் கனம். பக்கெட்டுக்குள் தலைகுப்புற விழுந்தால் தானாக எழத் தெரியாது, கத்தவும் முடியாது. அரை அடித் தண்ணீரே போதும்.

சம்ப் மூடியை இன்றைக்கே பாருங்கள். வேலை முடியவில்லை என்று ஒரு பலகையையோ தகரத்தையோ மேலே போட்டு, செங்கல் வைத்திருப்பார்கள். செங்கல்லை நாலு வயதுப் பிள்ளை நகர்த்திவிடும், பலகை நனைந்து நனைந்து உளுத்துவிடும். கீல் வைத்த இரும்பு மூடியோ ஃபைபர் மூடியோ போட்டு, பூட்டுப் போட வளையம் வைத்து, சாவியைப் பெரியவர்களின் கை உயரத்தில் மாட்டுங்கள். லாரிக்காரர் வந்து குழாயை இறக்கும் நேரத்தில் மூடி திறந்துதான் இருக்கும். அந்த நேரம் முழுக்க ஒரு ஆள் சம்ப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். போன் வந்தாலும் நகரக்கூடாது.

பாத்ரூமில் வாட்டர் புரூஃபிங் போட்ட பிறகு, டைல் ஒட்டுவதற்கு முன்னால், ஒரு நாளோ இரண்டு நாளோ தண்ணீர் தேக்கி ஒழுகுகிறதா என்று பார்ப்பது வழக்கம். அவசியமான சோதனைதான், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அதுவரை அந்தக் கதவு வெளியே பூட்டியிருக்க வேண்டும். கதவே இன்னும் வரவில்லை என்றால் அந்த இரண்டு நாளும் குழந்தையைப் பாட்டி வீட்டில் விட்டுவிடுங்கள். புதுத் தளத்துக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் விடும்போது மொட்டைமாடிக் கதவுக்கும் இதே விதிதான்.

தேங்கிய தண்ணீரில் இன்னொரு தொல்லை கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போகாது, நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டை டிரம்மின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால் வாரம் ஒருமுறை கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். பெயிண்ட் டப்பா, உடைந்த வாஷ்பேசின், கவிழ்க்காத சிமெண்ட் சட்டி, எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

கரண்ட்

எலக்ட்ரீஷியன் வந்ததும் முதலில் கேட்க வேண்டியது, "ஆர்சிசிபி போட்டிருக்கா?" என்பதுதான். எம்சிபி இருக்கிறது என்று பதில் வந்தால் அதோடு திருப்திப்படாதீர்கள். அளவுக்கு மீறிக் கரண்ட் பாய்ந்தால் விழுகிற எம்சிபி ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. மனித உடல் வழியாகக் கரண்ட் தரைக்குக் கசிகிறபோது கண நேரத்தில் துண்டிப்பது ஆர்சிசிபி. வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். அதிலேயே ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்தினால் டப்பென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் மாற்ற வேண்டும். எர்த் கம்பி எல்லா பாயிண்டுக்கும் வந்திருக்கிறதா என்பதையும் அன்றைக்கே சோதிக்கச் சொல்லுங்கள்.

இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் பலரும் யோசிக்காத ஒன்று உண்டு. மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். மூடாத போர்டைத் தொடுவதற்கு முன் மெயினோடு சேர்த்து இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும்.

மூட முடியாத போர்டுகளை என்ன செய்வது? ஸ்விட்சும் பிளேட்டும் வரும் வரை, அந்த லைனையே எம்சிபியில் அணைத்து, ஒயர் முனைகளை டேப் சுற்றி உள்ளே தள்ளி, மேலே ஒரு வெற்றுப் பிளேட்டை ஸ்க்ரூ போட்டு முறுக்கிவிடச் சொல்லுங்கள். எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டாலே கொடுப்பார்கள், சின்ன விலைதான். அட்டைப் பெட்டியைக் கிழித்து ஒட்டுவது போதாது, குழந்தை உரித்தே பார்க்கும். கீழே இருக்கும் பிளக் பாயிண்டுகளுக்கு ஷட்டர் உள்ள மாடலைக் கேட்டு வாங்குங்கள். வேலையாட்களின் டிரில், கட்டிங் மெஷினுக்குப் போகும் எக்ஸ்டென்ஷன் ஒயர் ஈரத்தரையில் கிடக்கக்கூடாது. ஒயரின் முனையை உரித்துப் பிளக்கில் நேரடியாகச் செருகித் தீக்குச்சியால் அழுத்துகிற பழக்கம் இன்னும் சில பேரிடம் இருக்கிறது. அதை உங்கள் வீட்டில் அனுமதிக்காதீர்கள். மூன்று முனை பிளக் டாப் ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

உயரம்

கிரில் அடிக்கும் வெல்டரிடம் இரண்டு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கம்பிகள் நெட்டுக்குத்தாக வர வேண்டும், இடைவெளி நாலு அங்குலத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். படுக்கைக் கம்பி பார்க்க நன்றாக இருக்கலாம், பிள்ளைக்கு அது ஏணி. இடைவெளி ஐந்து, ஆறு அங்குலம் விட்டால் கம்பி மிச்சம், கூலியும் கொஞ்சம் குறையும். ஆனால் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். பேச்சோடு விடாமல், ஒரு தாளில் வரைந்து அளவை எழுதி, அதைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஃபிளாட்டுகளில் பால்கனிக்குப் புறா வலை கட்டியிருப்பார்கள். அது புறாவுக்குத்தான். கொசு வலை அடித்த ஜன்னலும் அப்படியே. சாய்ந்தால் தாங்காது. அதை நம்பிப் பிள்ளையைப் பால்கனியில் விளையாட விடாதீர்கள்.

மாடிப்படிக் கைப்பிடிக்கு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போடுவதா, மரம் போடுவதா என்று முடிவாகாமல் பல வீடுகளில் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். முடிவு எடுக்கிற வரை வெல்டரைக் கூப்பிட்டுச் சாதா இரும்புக் கம்பியில் தற்காலிகமாக ஒன்று அடித்துவிடுங்கள். பழைய இரும்புக் கடையில் போட்டால் கொஞ்சம் பணம் திரும்பியும் வரும். படியின் மேல்முனையில் ஒன்று, கீழ்முனையில் ஒன்று என்று இரண்டு சிறு கேட் வைப்பது அதைவிட நல்லது. மேலே வைக்கிற கேட் படிப்பக்கம் திறக்கக்கூடாது, தளத்தின் பக்கம் திறக்க வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர், திருவொற்றியூர் மாதிரிக் கடல் பக்கம் இருந்தால் ரெட் ஆக்ஸைடு பூசாத இரும்பு உப்புக்காற்றில் சீக்கிரமே துரு பிடித்துச் செதில் செதிலாக உதிரும். அந்தச் செதிலும் குழந்தை கையில்தான் போகும்.

ஒரு அறையை முழுசாக முடியுங்கள்

எல்லா அறையிலும் பாதிப் பாதி வேலை நடப்பது மேஸ்திரிக்குத் தோது. ஒரே நாளில் எல்லாச் சுவருக்கும் பட்டி பார்த்துவிட்டுப் போகலாம், ஆள் கூலி குறையும். உங்களுக்கு அது ஒத்துவராது. ஒரு படுக்கையறையை எடுத்து, தரை, சுவர், ஒயரிங், கதவு, ஜன்னல் வலை, தாழ்ப்பாள், எல்லாம் முடித்து அதைக் குழந்தையின் அறையாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வேறு எங்கே தூசி பறந்தாலும் அந்த ஒரு கதவை மூடினால் உள்ளே பாலூட்டலாம், தூங்க வைக்கலாம், பெரிய பிள்ளை படம் வரையலாம். கொஞ்சம் கூடுதல் கூலி ஆனாலும் கொடுங்கள். வேலை நடக்கும் வீட்டில் ஒரு தாய் நிம்மதியாக உட்கார ஓரிடம் இருப்பதற்கு ஈடாக நான் எதையும் நினைக்கவில்லை. கூடுமானவரை அட்டாச்டு பாத்ரூம் உள்ள அறையாகப் பாருங்கள்.

அந்த அறையில் தூளிக் கொக்கி ஒன்று வேண்டும். புது ஃபிளாட்டுகளில் இதை யாரும் யோசித்து வைப்பதில்லை. குடிவந்த முதல் ராத்திரி, புது இடம் என்று குழந்தை அழும்போதுதான் ஞாபகம் வரும். அப்போது ஃபேன் கொக்கியிலோ ஜன்னல் கம்பியிலோ புடவையைக் கட்டிவிடுகிறார்கள். செய்யாதீர்கள். ஃபால்ஸ் சீலிங் ஜிப்சம் பலகையில் கொக்கி மாட்டுவதும் கூடாது, அது தன் எடையைத் தாங்கவே அளந்து செய்தது. கான்கிரீட் தளத்திலேயே டிரில் போட்டு, ஆங்கர் போல்ட் வைத்த கொக்கியாக இறக்கச் சொல்லுங்கள். கட்டிய பிறகு, 25 கிலோ அரிசி மூட்டையைத் தூளியில் வைத்து ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடுங்கள். நடுநடுவே வேகமாக ஆட்டியும் பாருங்கள். கொக்கியைச் சுற்றி மயிரிழை மாதிரி விரிசல் விட்டாலோ, பொடி உதிர்ந்தாலோ அந்த இடம் வேண்டாம், வேறிடம் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் தூளி தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம், கீழே ஒரு மெத்தை கிடக்கட்டும்.

உயர பீரோ, புத்தக அலமாரி எதுவானாலும் மேல்பக்கம் இரண்டு எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு முறுக்கிவிடுங்கள். இழுப்பறைகளைப் படியாக்கி ஏறாத பிள்ளை கிடையாது. பாத்ரூம், படுக்கையறைத் தாழ்ப்பாள்களை ஐந்தடி உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஆசாரி வழக்கப்படி மூன்றடியில் வைத்துவிட்டால், இரண்டு வயதுப் பிள்ளை உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு அழும், வெளியே நீங்கள் கதவை உடைக்க வேண்டியிருக்கும்.

மழையும் மேஸ்திரியின் நாட்காட்டியும்

சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். ஆகவே மொட்டைமாடித் தளம், ஜன்னல் சன்ஷேடு, வெளிச்சுவர் விரிசல், மழைநீர்க் குழாய், இவையெல்லாம் செப்டம்பர் கடைசிக்குள் முடிய வேண்டும். மாடி வேலைக்கு நல்ல காலம் மாசியிலிருந்து சித்திரை வரை. ஜூன் முதலே மாலை நேர இடிமழை எட்டிப் பார்க்கும். கத்திரி வெயிலில் பூச்சு வேலை செய்தால் சிமெண்ட் சீக்கிரம் காய்ந்து விரிசல் விடும், காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் அடிக்க வேண்டும். பூச்சுக்கு ஏழு நாளாவது தண்ணீர் காட்டுங்கள்.

வேளச்சேரி, மடிப்பாக்கம், முடிச்சூர், பள்ளிக்கரணை மாதிரித் தாழ்வான பகுதியில் தரைத்தளம் என்றால், 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அந்தத் தெருவில் தண்ணீர் எந்த உயரத்துக்கு நின்றது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். சுவரில் கையை வைத்தே காட்டுவார்கள். ஒயரிங் இன்னும் முடியவில்லை என்பது இந்த ஒரு விஷயத்தில் உங்களுக்குச் சாதகம். மீட்டர், மெயின் போர்டு, இன்வெர்ட்டர் பாயிண்ட் எல்லாவற்றையும் அந்த உயரத்துக்கு மேலே ஏற்றிவிடலாம்.

ஆட்கள் கிடைக்கும் காலமும் தெரிந்திருக்க வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் பெயிண்டர் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் அவசர வேலைதான். பொங்கல் முடிந்து ஊருக்குப் போன கொத்தனார் காணும் பொங்கல் கழித்து உடனே வந்துவிடுவார் என்று கணக்குப் போடாதீர்கள். டைல் வேலை செய்யும் பீகார் ஆட்கள் ஹோலிக்கும், தீபாவளியை ஒட்டி வரும் சத் பூஜைக்கும் ஊருக்குப் போவார்கள். ஆடியில் குடிபோகிற வழக்கம் இல்லாததால் அந்த மாதம் ஆட்கள் கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள். பாக்கி வேலைக்கு அது நல்ல சமயம். இடிக்கிற, துளைக்கிற சத்தமான வேலையைப் பெரிய பிள்ளை பள்ளிக்குப் போகும் நேரத்தில் வையுங்கள். ஃபிளாட் என்றால் சங்கத்தில் டிரில் போடும் நேரம் எது என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மதியத் தூக்க நேரத்துக்குச் சத்தமில்லாத வேலையைக் கொடுக்கும்படி மேஸ்திரியிடம் சொன்னால் கேட்பார். அவர் வீட்டிலும் குழந்தைகள் உண்டு.

வேலை நடக்கும் நாளில்

முதல் நாள் காலையிலேயே டீ கொடுக்கும்போது பேசிவிட வேண்டும். அப்புறம் சொன்னால் எடுபடாது. இப்படி வெளிப்படையாகவே சொல்லலாம்: "மேஸ்திரி, வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்காங்க. தினமும் அஞ்சு மணிக்கு வேலையை நிறுத்திடுங்க. கடைசி அரை மணி நேரம் கூட்டி அள்றதுக்குத்தான். அதுக்கும் சேர்த்தே கூலி தர்றேன்." அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். கூலியில் சேராத வேலை சித்தாள் அம்மாவின் தலையில் விழும், அல்லது நடக்காது.

அந்த அரை மணி நேரத்தில் நீங்களும் கூடவே இருங்கள். டிரில் பிட், பிளேடு, ஆணி டப்பா எல்லாம் ஒரு இரும்புப் பெட்டிக்குள் போய்ப் பூட்டப்படுகிறதா? ஏணி படுக்க வைக்கப்பட்டதா? சிமெண்ட் குழைத்த சட்டி கவிழ்ந்ததா? பிறகு பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்றை நூலில் கட்டித் தரை முழுக்க இழுத்துப் பாருங்கள். மூன்று தடவை பெருக்கிய தரையிலிருந்தும் ஒரு கால் அங்குல ஆணி, ஒயர் வெட்டிய துணுக்கு, ஸ்க்ரூ என்று ஒட்டிக்கொண்டு வரும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வெறும் காந்தமாகவே வாங்கலாம். பித்தளையும் செம்பும் காந்தத்தில் ஒட்டாது, அதற்கு டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்து அடித்துப் பாருங்கள். நிழல் நீளமாக விழுந்து காட்டிக்கொடுக்கும்.

தின்னர், டர்பன்டைன், டைல் கழுவும் ஆசிட், இந்த மூன்றையும் தண்ணீர் பாட்டிலிலோ கூல் டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்க யாரையும் விடாதீர்கள். குழந்தைகள் குடித்துவிடுவது அப்படித்தான். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது, நுரையீரலுக்குள் போனால் ஆபத்து கூடும். அந்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆம்புலன்ஸுக்கு 108. எழும்பூரில் அரசுக் குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. கண்ணில் சிமெண்டோ சுண்ணாம்போ பட்டால் கசக்காமல், இமையை விரித்து, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டுக் கிளம்புங்கள். இந்த இரண்டையும் ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டினால் தாத்தா, பாட்டி, வீட்டு வேலைக்கு வரும் அக்கா எல்லாருக்கும் தெரிந்திருக்கும். தெருவில் மின்கம்பி அறுந்து விழுந்தால் கூப்பிட வேண்டிய, மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணையும் அதிலேயே எழுதுங்கள்.

தூசியும் பெயிண்டும்

பழைய வீட்டை வாங்கிப் புதுப்பிக்கிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த கதவு, ஜன்னல், கிரில் இனாமல் பெயிண்டில் ஈயம் இருந்திருக்கலாம். உப்புத்தாளால் காய்ந்தபடியே தேய்த்தால் அது பொடியாகிப் பறந்து, தரையில் படிந்து, தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும், பட்ட பாதிப்பைத் திருப்ப முடியாது. அதனால் பழைய பெயிண்டை நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். தேய்க்கும் நாட்களில் குழந்தையும் கர்ப்பிணியும் வீட்டில் இருக்கவே வேண்டாம். முடிந்ததும் துடைப்பத்தை எடுக்காமல் ஈரத்துணியால் இரண்டு முறை துடையுங்கள். பழைய பெயிண்ட் உரியாமல் உறுதியாக இருந்தால் தேய்க்காமல் மேலேயே அடித்துவிடுவதும் ஒரு வழி.

டைல் வெட்டுவதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டாம். மொட்டைமாடியிலோ வாசலிலோ, தண்ணீர் விட்டு வெட்டட்டும். அந்தத் தூசி வெட்டுகிற ஆளின் நுரையீரலுக்கும் கெடுதல், ஒரு முகக்கவசத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

புதுப் பூச்சுக்கு உடனே பெயிண்ட் அடிக்க வேண்டாம், நாலு வாரமாவது சுவர் காயட்டும். சந்தேகம் இருந்தால் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, மறுநாள் பாருங்கள். உள்பக்கம் நீர்த்துளி இருந்தால் ஓதம் இருக்கிறது, அடித்தால் உரியும். அடித்த அறையில் ஜன்னலைத் திறந்து, ஃபேனைப் போட்டு, வாடை முழுக்கப் போன பிறகு குழந்தையைப் படுக்க வையுங்கள். புது கபோர்டின் பிளைவுட், பசை வாடைக்கும் இதே கணக்கு. கதவுகளைத் திறந்தே வைத்தால் சீக்கிரம் போகும்.

பணமும் பேச்சும்

அட்வான்ஸை அள்ளிக் கொடுக்காதீர்கள். முடிந்த வேலைக்குப் பணம், கடைசித் தவணை எல்லாம் முடிந்து கூட்டிக் கழுவிய பிறகு. கணக்கை ஒரு நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் மனக்கசப்பு வராது. வாடகை வீடாக இருந்தால் ஆர்சிசிபி, கிரில் மாதிரிச் செலவுகளை வீட்டு ஓனரிடம் கேட்டுப் பாருங்கள், வாடகையில் கழித்துக்கொள்ள ஒப்புக்கொள்கிறவர்கள் உண்டு. இடித்த குப்பையைத் தெருவோரம் கொட்டினால் அபராதம் வரும். எங்கே போடுவது என்று மாநகராட்சியின் 1913-இல் கேட்டுவிட்டு வண்டி பிடியுங்கள்.

வீட்டுக்குள் நடக்கும் பேச்சையும் கவனியுங்கள். பாக்கி வேலை பெரும்பாலும் வீட்டில் இருக்கிறவர் தலையில்தான் விடியும். பகல் முழுக்க மேஸ்திரிக்குப் பதில் சொல்லி, டீ போட்டு, குழந்தையையும் பார்த்துக்கொண்டு, ராத்திரி ஆபீஸிலிருந்து வருகிறவரிடமிருந்து "இன்னைக்கு என்ன முடிஞ்சது?" என்ற கேள்வியையும் கேட்க வேண்டியிருக்கும். அந்தக் கேள்வி வேண்டாம். அதற்குப் பதிலாக வாரத்தில் ஒரு நாள், குழந்தைகள் தூங்கிய பிறகு இருவரும் அந்த நோட்டை எடுத்து உட்காருங்கள். முடிந்ததை அடியுங்கள், அடுத்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலையை எடுங்கள். மேஸ்திரியோடு யார் பேசுவது என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் வேலை நின்றுவிடும். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருந்தால் மேற்பார்வையை அவர்களிடம் கொடுப்பது நல்லதுதான். ஆனால் பேரனையும் அதே நேரத்தில் அவர்களிடமே விடாதீர்கள். வேலையாளைப் பார்ப்பவர் ஒருவர், பிள்ளையைப் பார்ப்பவர் இன்னொருவர்.

"அழகு" என்று எழுதிய வேலைகள் அப்படியே இருக்கட்டும். சுவரை இப்போது விலை கூடிய பெயிண்டால் அடித்தால் ஆறு மாதத்தில் கிரேயான் கோடு விழும். துடைத்தால் போகிற சாதாரண எமல்ஷன் போதும், சின்னவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூடுவதற்கு முன்

குழாயோ ஒயரோ போன சுவரைப் பூசி மூடுவதற்கு முன் அளவு டேப்பைச் சுவரில் வைத்துப் போட்டோ எடுங்கள். தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்பது படத்தில் தெரிய வேண்டும். பின்னால் பீரோவுக்குக் கிளாம்ப் போடும்போது குழாயில் டிரில் இறங்காது. ஒவ்வொரு வகை டைலிலும் அரைப் பெட்டியாவது மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள், அதே நிறம் மறுபடி கிடைக்காது. மீந்த பெயிண்ட் டப்பாவில் எந்த அறை, ஷேட் நம்பர் என்ன, அடித்த மாதம் எது என்று மார்க்கரால் எழுதி, மூடியை இறுக்கி, லாஃப்டில் ஏற்றிவிடுங்கள். தின்னர் மட்டும் லாஃப்டுக்கும் வேண்டாம், சமையலறைக்கும் வேண்டாம். மிச்சம் இருந்தால் பெயிண்டரிடமே கொடுத்து அனுப்பிவிடுங்கள்.